மருமகளைக் கேட்டால் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். செப்டம்பர் பிறந்தால் மொரீஷியஸ்காரர்களுக்கு ஒரு நடை காத்திருக்கிறது. 8ஆம் தேதி இரவு தீவின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் போர்ட் லூயிஸ் பக்கம் சேன்த் குருவாவுக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். மறுநாள் அருளாளர் லவால் அடிகளாரின் நினைவு நாள். நம் வாயில் அவர் ‘பேர் லவால்’. கத்தோலிக்கர்கள் மட்டுமா போகிறார்கள்? பத்து நாள் விரதமிருந்து காவடி எடுக்கிற நம் சொந்தக்காரர்களும் அதே வரிசையில் நின்று அங்கே இருக்கும் அவர் கல்லறைமேல் கைவைத்துக் கும்பிடுகிறார்கள்.

அங்கே என்ன கேட்கிறோம்? முட்டிவலி போக வேண்டும், பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும். கேட்கட்டும், தப்பே இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் ‘என் முன்கோபம் போக வேண்டும்’, ‘என் பொறாமை தீர வேண்டும்’ என்று ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றியதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச ஆசை.

லவாலின் கதையே ஒரு மனிதர் உள்ளுக்குள் மாறிய கதைதான். 1803இல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். 1830இல் மருத்துவரானார். நல்ல வருமானம், ஏறிப் போகக் குதிரை, ஊரில் மதிப்பு. பக்தி மட்டும் இருந்தும் இல்லாத மாதிரி. அப்புறம் 1835இல் குருமடத்தில் சேர்ந்தார், 1838இல் குருவானார், 1841இல் இந்தத் தீவில் வந்து இறங்கினார். இங்கே அடிமை முறை ஒழிந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. விடுதலையான மக்களை மனிதர்களாக மதித்து உட்கார்ந்து பேச ஆளில்லாத காலம். அவர் அந்த மக்கள் பேசும் கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தார். அவர்களிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கப் பழக்கினார். வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் அதற்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 1864இல் கண்மூடும்வரை, 23 வருடம், இதே வேலை. கடைசி வருடங்களில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பிரசங்கம்கூடச் செய்ய முடியவில்லை. அப்போதும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். எதற்கு? அவர் செய்வது நின்ற பிறகும் அவர் யார் என்பது மிச்சம் இருந்தது.

கிறிஸ்தவ வாழ்க்கையில் மனமாற்றத்துக்கு ஒரு தேதி சொல்லிவிடலாம். இந்தக் கூட்டத்தில், இந்தத் தியானத்தில், இந்த நாளில் என்று. குணம் மாறியதற்கு யாராவது தேதி சொல்ல முடியுமா? திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது தூய ஆவியின் கனி என்று ஒன்பதைச் சொல்கிறார்: அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, நன்னயம், நம்பிக்கை, கனிவு, தன்னடக்கம். கனி என்றால் காலம் எடுக்கத்தான் செய்யும். மரத்தடியில் நின்று அதட்டினால் லிச்சி சிவக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஒன்பதில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே இன்னொரு ஆள் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பொறுமை பழக முடியாது. அதற்கு நம் பொறுமையைச் சோதிக்கிற ஒருவர் வேண்டும். அவரைத்தான் கடவுள் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்!

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். பங்கில் எல்லாருக்கும் முன்னால் நிற்பவர், செபம் சொன்னால் அரை மணி நேரம். வீட்டில் சிங்கம். சில வருடங்களுக்கு முன்பு அவர் மருமகளிடம் பேச்சுவாக்கில், “மாமா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாமா இப்போதெல்லாம் கதவை மெதுவாகச் சாத்துகிறார். சோறு குழைந்துபோனாலும் தட்டைத் தள்ளுவதில்லை” என்றாள். செபம்? “அது எப்போதும் நீளம்தான்” என்றாள். அவரைப் பற்றி நான் கேட்ட சாட்சிகளிலேயே உருப்படியான சாட்சி அதுதான். மேடையில் நாம் சொல்லும் சாட்சியை ஒரு தடவை வீட்டாரிடம் காட்டித் திருத்தி வாங்கினால் நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இதில் மனம் விட்டுப்போகிறவர்களும் உண்டு. ‘இத்தனை வருடம் கோயிலுக்குப் போகிறேன், இன்னும் அதே புத்தி’ என்பார்கள். அவர்களுக்கு நான் இயேசுவின் சீடர் பேதுருவைக் காட்டுவேன். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியைப் பெற்றவர். கொர்னேலியு என்ற பிற இனத்தார், அதாவது யூதர் அல்லாத ஒருவர், வீட்டுக்குள் போய், கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்று சொன்னவர். அதே பேதுரு அந்தியோக்கியாவில் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதக் கிறிஸ்தவர்கள் சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பயம். ‘நம்மவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்ற பழைய பயம். அவரைப் பார்த்துப் பவுலின் கூட்டாளி பர்னபாவும் விலகினார்.

சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் எல்லாரோடும் கைகுலுக்கி அமைதி சொல்லிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் “யார் வீடு? கிரியோலா?” என்று, அன்று விடுதலையான அந்த மக்களின் வழிவந்தவர்களைப் பற்றி, குரலைத் தாழ்த்திக் கேட்பது நம் வீட்டில் நடக்காததா? அந்தியோக்கியாவின் சாப்பாட்டு மேசை நம் ஊர்களான கத்ர்-போர்னிலும் ரோஸ் ஹில்லிலும் இன்னும் கிடக்கிறது. குணம் என்பது அந்த மேசையில், அந்த ஆட்கள் உள்ளே வரும்போது, நாம் எழுந்திருக்கிறோமா உட்கார்ந்திருக்கிறோமா என்பதில்தான் தெரியும்.

பவுல் சும்மா விடவில்லை. எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கேட்டார். கேட்டதை எழுதியும் வைத்துவிட்டார். மூத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. ஆனால் பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் திருமுகத்தை எடுத்துக் கடைசி அதிகாரம் வாசித்துப் பாருங்கள். அங்கே பவுலின் பேச்சு வருகிறது. அவருடைய கடிதங்களில் புரிந்துகொள்ளக் கடினமானவை சில உண்டு என்று லேசாக ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் பவுலுக்குக் கொடுத்திருக்கும் அடைமொழி: நம் அன்பான சகோதரர்.

நன்றி, வணக்கம்.