உலகத் தொடர்பாடல் எங்களுக்குப் பலம்தான்: கிளிநொச்சிப் பட்டிமன்றத்தில ஒரு பேச்சு

நடுவர் ஐயாவுக்கும் இந்த வெயிலுக்குள்ளயும் வந்து குந்தியிருக்கிற சனத்துக்கும் வணக்கம். உலகத் தொடர்பாடல் எங்களுக்குப் பலமோ பாரமோ எண்டு கேட்டிருக்கினம், பலம்தான் எண்டு சொல்ல வந்திருக்கிறன்.

எதிரணித் தங்கச்சி 2018ல கண்டிப் பக்கம் திகனயில நடந்த கலவரத்தைச் சொன்னா, பேஸ்புக்கில பரவின கதையளாலதான் முஸ்லிம் சனத்தின்ர கடையள் வீடுகள் எரிஞ்சது எண்டு. நான் மறுக்கேல்ல, அந்தக் கொம்பனியே 2020ல மன்னிப்புக் கேட்டது. ஆனா அதுக்கு மருந்து எல்லாத்தையும் மூடுறதுதான் எண்டால், மூடி வச்ச ஊர் எப்பிடியிருக்கும் எண்டு வன்னிச் சனத்திட்டக் கேளுங்கோ.

தொண்ணூறுகள்ல சண்டைக் காலம், அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை, பற்றறி உள்ள வராது. சைக்கிளைக் கவிட்டு நிப்பாட்டி ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து வயர் இழுத்து றேடியோவில பிபிசி தமிழோசை கேட்ட சனம் நாங்கள், சுத்துறவர் களைச்சால் செய்தியும் நிண்டுடும். அப்ப கேக்கவாவது ஏலுமாயிருந்தது, எங்கட கஷ்டத்தை வெளியில சொல்லத்தான் வழியில்ல. 2008 செப்டம்பரில ஐநா ஆக்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளிக்கிடச் சொல்லிப்போட்டுது அரசாங்கம், சுயாதீனச் செய்தியாளரையும் விடேல்ல, அதாலதான் சண்டை முடிஞ்ச 2009 மே வரைக்கும் முள்ளிவாய்க்காலில எத்தினை பேர் செத்தது எண்ட கணக்கே இண்டைக்கும் இழுபறியில கிடக்கு. ஆரோ ஒராள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு எடுத்த படங்கள் வெளியில போனபடியாத்தான் உலகம் கொஞ்சமெண்டாலும் திரும்பிப் பாத்தது. 2017 பெப்ரவரி 20ல இஞ்ச கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட குந்தின அம்மாமாரை ஜெனிவாவில இருக்கிற ஐநா மனித உரிமைச் சபை வரைக்கும் தெரியுதெண்டால் எதால?

காசுக் கதைக்கு வருவம். வெளிநாட்டில உழைக்கிற ஆக்கள் வங்கியால அனுப்பின காசு 2020ல 710 கோடி டொலர், 2022ல 379 கோடிக்கு விழுந்துது. வங்கியில டொலரை 200 ரூபாயளவில பிடிச்சு வச்சிருக்க, வெளியில என்ன விலை போகுதெண்டு வாட்ஸ்அப்பில ஒரு நிமிசத்தில தெரியும், பிறகு ஆர் வங்கியால அனுப்புவினம், எல்லாரும் வங்கிக்கு வெளியால ஆள்மூலம் காசு மாத்திற உண்டியலுக்குப் போட்டினம். கடைசியில 2022 மார்ச்சில அந்தப் பிடியை விட்டு ரூபாயின்ர விலையைச் சந்தைப்படி போக விடத்தான் வேண்டி வந்தது, உண்மை விலையை மறைக்க ஏலாமப் போச்சு. அதே வருசம் சனம் அரசாங்கத்துக்கு எதிராத் தெருவில இறங்க, ஏப்ரல் 3ல பேஸ்புக், வாட்ஸ்அப்பை மூடிப் பாத்தினம், ஒரு நாள்கூட நிக்கேல்ல, சனம் தடையைச் சுத்திப் போற விபிஎன் போட்டு உள்ள போட்டுது. ஜூலையில அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரில இருந்து இமெயிலில ராஜினாமாவை அனுப்பினார்.

பொய் பரவுது எண்டால், தமிழும் சிங்களமும் தெரிஞ்ச ஆக்களைப் போட்டு அதை உடன தூக்கச் சொல்லி அந்தக் கொம்பனியளைக் கேப்பம் தங்கச்சி, நானும் உங்களோட வாறன். லைனை வெட்டச் சொல்லி மட்டும் இஞ்ச நிண்டு கேக்காதேங்கோ.