பெயரில் ஒட்டிக்கொள்ளும் விலை

வணக்கம் நேயர்களே.

போன மாதம் என் மைத்துனருக்குச் செல்போன் வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தோம். "பதினைஞ்சாயிரத்துக்குள்ள காட்டுங்க தம்பி" என்றார். கடைப்பையன் மூன்று போன்களை எடுத்து வைத்தான். 9,999 ரூபாய் ஒன்று, 14,999 ஒன்று, யாரும் கேட்காத 18,499 ஒன்று. மைத்துனரின் கை மூன்றாவதுக்குத்தான் போனது. கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "இந்தக் கம்பெனிக்குப் பதினெட்டாயிரமா?"

கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. அந்தப் பெயருக்கு அவர் மனதில் ஏற்கெனவே ஒரு விலை இருந்தது. செல்போன் கம்பெனிகளுக்குப் பெரிய தலைவலியே இதுதான்.

நோக்கியாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. 2003-இல் வந்த நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? தலையில் டார்ச் லைட், தூசி புகாத ரப்பர் பட்டன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன். அதே நோக்கியாதான் 1998-இல் இங்கிலாந்தில் 'வெர்டு' என்று தனியாக ஒரு கம்பெனி தொடங்கியது. அதன் போன்களில் பட்டனுக்கு அடியில் மாணிக்கக்கல் தாங்கிகள் இருந்தன. ஒரு பட்டனை அழுத்தினால் ஓட்டலில் அறை பிடித்துத் தர ஆள் பேசுவார். விலை பல லட்சம். ஆனால் அதன்மேல் நோக்கியா என்ற பெயர் கிடையாது. இருந்தால் யார் வாங்கியிருப்பார்?

சீனக் கம்பெனியான ஷாவ்மி இங்கே 2014 ஜூலையில் வந்தது. எம்ஐ 3, விலை 13,999. அதே வேக சிப் போட்ட மற்ற கம்பெனி போன்கள் அப்போது இரண்டு மடங்குக்கு மேல் விற்றன. கடையில் கிடைக்காது, இணையத்தில் மட்டும்தான். குறித்த நேரத்தில் விற்பனை திறக்கும், கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும். நானும் ஒரு செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏமாந்தவன்தான். விளம்பரச் செலவு, கடைக்காரர் கமிஷன் இரண்டையும் மிச்சம் பிடித்து விலையைக் குறைத்தார்கள். போன் முதலான பொருள்களில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அதன் தலைவர் லே ஜுன் 2018-இல் அறிவித்தார். அப்புறம் வருமானம்? போனுக்குள் வரும் விளம்பரமும் இணையச் சேவைகளும்.

சரி, மலிவு என்று பெயர் வாங்கியாயிற்று. மேலே ஏறுவது எப்படி? 2019 ஜனவரியில் தங்கள் மலிவு வரிசையான ரெட்மியைத் தனி பிராண்டாகப் பிரித்தார்கள். அடுத்த மாதமே ரெட்மி நோட் 7 இங்கே 9,999-க்கு வந்தது. மறுவருடம் எம்ஐ 10-க்கு 49,999 என்று விலை வைத்தார்கள். அதாவது கீழ்வீட்டை வேறு பெயரில் எழுதிவிட்டு மாடிக்குக் குடிபோவது. 2021-இல் எம்ஐ என்ற பெயரையும் விட்டுவிட்டார்கள்.

ஆப்பிளுக்கோ இறங்குவதில் சிக்கல். 2007-இல் முதல் ஐபோன் 599 டாலர். பத்தே வாரத்தில் 399 ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போக, ஸ்டீவ் ஜாப்ஸ் மன்னிப்புக் கேட்டு, ஆப்பிள் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 100 டாலர் கழிவு கொடுத்தார். 2013-இல் பிளாஸ்டிக் உடம்போடு 5சி வந்தபோது, மலிவு ஐபோன் என்று எல்லாரும் காத்திருந்தோம். இங்கே விலை 41,900! அமெரிக்காவில், கூடவே வந்த பெரிய மாடலான 5எஸ்ஸுக்கும் அதற்கும் நூறு டாலர்தான் வித்தியாசம். நூறு டாலரை மிச்சம் பிடித்து, 'இவனால் பெரியதை வாங்க முடியவில்லை' என்று ஊருக்குக் காட்டிக்கொள்ள யார் முன்வருவார்? போன வருட மாடலை விலை குறைத்து விற்பதுதான் ஆப்பிளுக்குச் சரிப்பட்டு வந்தது. பழைய பட்டுப்புடவையும் பட்டுதானே.

எனக்கு இன்னும் பிடிபடாதது சாம்சங். 2019 ஜனவரியில் 7,990 ரூபாய்க்கு எம்10. அதே அக்டோபரில் மடக்கும் போன், 1,64,999. இரண்டுக்கும் கேலக்ஸி என்றே பெயர். எஸ், ஏ, எம் என்று எழுத்தை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறார்கள். பேருந்தில் பக்கத்து ஆள் கையில் இருப்பது எந்த எழுத்து என்று யாருக்குத் தெரியும்?

மைத்துனர் கதையை முடிக்கவில்லையே. அவர் கீழே வைத்த போனைக் கடைப்பையன் மெல்ல அவர் பக்கமே நகர்த்தினான். "சார், முழு விலையை ஏன் பார்க்கறீங்க? மாசம் ஆயிரத்து ஐந்நூத்து நாப்பத்திரண்டு. வட்டி கிடையாது."

மைத்துனர் கம்பெனிப் பெயரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.