பெர்மாண்ட்சியில் மரம் வைத்த மேயரம்மா

அன்பு நண்பர்களே, வணக்கம்.

பிரிட்டிஷ் அரசியல் என்றால் சர்ச்சிலைப் பேசுவோம், அட்லியைப் பேசுவோம், தாட்சரைப் பேசுவோம். நாடாளுமன்றத்துக்குள் உறுப்பினராகக் காலே வைக்காத ஒருவரைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். பெயர் ஏடா சால்டர். லண்டனில் பெர்மாண்ட்சி என்ற வட்டாரத்தின் கவுன்சிலர், அப்புறம் மேயர்.

பெர்மாண்ட்சி தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்னால் கப்பல் சரக்கு இறங்கும் துறைகள், ஜாம் ஆலைகள், தோல் பதனிடும் கூடங்கள் என்று நெருக்கியடித்த இடம். பீக் ஃபிரீன் பிஸ்கட் ஆலையும் அங்கேதான். ஒரு தெருவில் பிஸ்கட் வேகிற வாசம் வரும், அடுத்த தெருவில் தோல் ஊறும் தொட்டியின் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒரே அறையில் ஒரு குடும்பம். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு குழாய். வீட்டுக்கு வீடு காசநோய்.

ஏடா அந்த ஊர்க்காரர் இல்லை. 1866இல் நார்தாம்ப்டன்ஷயரில் ரான்ட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பச்சை வயலும் தோட்டமும் பார்த்து வளர்ந்த பெண். முப்பது வயதில் லண்டன் சேரிகளில் சேவை செய்யக் கிளம்பினார். அடுத்த ஆண்டே பெர்மாண்ட்சி. அங்கே ஆல்ஃபிரட் சால்டர் என்ற இளம் டாக்டரைச் சந்தித்தார். 1900இல் கல்யாணம். ஆல்ஃபிரட் ஏழைகளிடம் ஆறு பென்ஸ் வாங்கி வைத்தியம் பார்ப்பார், அதுவும் இல்லாதவரிடம் ஒன்றும் வாங்க மாட்டார்.

1902இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜாய்ஸ். ஒரே குழந்தை. வசதியுள்ள டாக்டர் குடும்பம் நினைத்திருந்தால் காற்றோட்டமான இடத்தில் வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். குழந்தையை வேறு ஊரில் விட்டுப் படிக்க வைத்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அதே பள்ளிக்கூடம், அதே தெரு விளையாட்டு. மற்றவர் பிள்ளைகள் பட்டதைத் தம் பிள்ளையும் படட்டும் என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகளைத் தாக்கும் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் அந்தத் தெருக்களில் அடிக்கடி வரும். ஜாய்ஸுக்கும் வந்தது. ஒருமுறை பிழைத்தாள். மறுமுறையும் பிழைத்தாள். மூன்றாவது முறை, 1910இல், எட்டு வயதில் போய்விட்டாள்.

அந்த முடிவு சரியா தவறா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு அதற்குத் துணிவு வராது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

ஜாய்ஸ் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், 1909 நவம்பரில், ஏடா கவுன்சிலராக ஜெயித்திருந்தார். பெர்மாண்ட்சியின் முதல் பெண் கவுன்சிலர். நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டிஷ் பெண்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது. அது வந்தது 1918இல்தான், அதுவும் முப்பது வயது தாண்டிய பெண்களில் ஒரு பகுதிக்கு மட்டும்.

1911 ஆகஸ்டில், கொளுத்துகிற வெயிலில், ஜாம், பிஸ்கட் ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பெண்கள் தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்ஆர்தர் தலைமை தாங்க வந்தார். போராடுகிறவர்களுக்குச் சோறு போடும் வேலையில் ஏடா இறங்கினார். பெரும்பாலான ஆலைகளில் கூலி உயர்ந்தது. அப்புறம் உலகப் போர் வந்தது. சால்டர் தம்பதி குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், போர் கூடாது என்றவர்கள். அந்த நேரத்தில் அப்படிச் சொன்னவர்களுக்கு ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் மக்கள் கைவிடவில்லை. 1922இல் ஏடா மேயரானார். லண்டனிலேயே முதல் பெண் மேயர். மேயருக்குரிய அங்கியும் சங்கிலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஆல்ஃபிரட் மேற்கு பெர்மாண்ட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். புகழ் அவருக்குத்தான் அதிகம். என்னைக் கேட்டால், அந்த ஊரின் முகத்தை மாற்றியது அம்மாதான்.

எப்படி மாற்றினார்? கவுன்சிலில் அழகுபடுத்தும் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதற்கு உயிர் ஏடா. தெருத்தெருவாக மரம் வைத்தார்கள், சுமார் ஒன்பதாயிரம் மரங்கள். தேவாலயங்களின் பழைய கல்லறைத் தோட்டங்கள் பிள்ளைகள் விளையாடும் இடங்களாயின. ஜன்னல் ஓரத்தில் பூத்தொட்டி வைக்கச் சொன்னார்கள். கன்றுகளும் செடிகளும் எங்கிருந்து வந்தன தெரியுமா? கென்ட் பகுதியில் ஃபேர்பி கிரேஞ்ச் என்ற பழைய பண்ணை வீட்டை சால்டர் தம்பதி வாங்கியிருந்தார்கள். பிரசவித்த தாய்மார் ஓய்வெடுக்கும் இடமாக அதை ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவைதான் பெர்மாண்ட்சித் தெருக்களுக்கு வந்தன.

சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் பூ எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கவுன்சில் பூ மட்டும் வைக்கவில்லை. காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை தந்தது. வேன் வண்டியில் திரை கட்டித் தெருவிலேயே சுகாதாரப் படம் காட்டியது. இடிந்து கிடந்த குடியிருப்புகளின் இடத்தில், வில்சன் குரோவில், ஒவ்வொன்றுக்கும் தனித் தோட்டத்தோடு வீடு கட்டியது. அன்றைய லண்டனின் நெருக்கடியான பகுதிகளில் ஏழைக்கு வீடு என்றால் பெரும்பாலும் அடுக்குமாடிதான். வாசலில் மண் வேண்டும், அதில் செடி வளர வேண்டும் என்பதில் ஏடா பிடிவாதமாக இருந்தார். பணக்காரர் வீட்டுக்கு இருப்பது இவர்களுக்கு மட்டும் ஏன் கூடாது? அவருடைய அரசியல் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

1925இல் லண்டன் முழுவதற்குமான லண்டன் கவுன்ட்டி கவுன்சிலுக்குத் தேர்வானார். 1934இல் அங்கே அவருடைய தொழிற்கட்சி (லேபர் கட்சி) ஆட்சியைப் பிடித்ததும், பெர்மாண்ட்சியில் செய்ததை லண்டன் முழுவதும் கொண்டுபோக முயன்றார். அப்புறம் இரண்டாம் போர். குண்டுவீச்சில் அவர் கட்டிக் காத்த தெருக்கள் பல சிதைந்தன. 1942 டிசம்பரில் காலமானார்.

நதிக்கரையில் 1991இல் ஒரு சிலைத் தொகுதி வைத்தார்கள். வயதான டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து கை அசைக்கிறார். எதிரே சுவரில் சாய்ந்து ஜாய்ஸ். சுவர்மேல் அவளுடைய பூனை. ஏடா அதில் இல்லை. 2011இல் டாக்டர் சிலையைத் திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள், பழைய உலோக விலைக்காக. ஊர் மக்கள் சேர்ந்து அறுபதாயிரம் பவுண்டு திரட்டினார்கள். 2014இல் டாக்டர் திரும்பி வந்தார். இந்த முறை ஏடாவும் வந்தார், கையில் மண்வெட்டியோடு.

நன்றி.