ஓவியத்து எருதும் மரத்து எருதும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் முன்வரிசையை அணிசெய்யும் துணைவேந்தர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக எனக்கு உளி ஒன்றைப் பரிசளித்த விழாக்குழுவினரே, அனைவருக்கும் வணக்கம். சீனத்துப் பழைய விலங்கு ஓவியங்களை மரச்சிற்பமாக வடிப்பதைப் பற்றிக் கோடு, மரம், வண்ணம் என மூன்று தலைப்புகளில் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

தாங் பேரரசின் அமைச்சராக இருந்த ஹான் ஹுவாங் வரைந்த ‘ஐந்து எருதுகள்’ பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 21 செ.மீ. உயரமும் 140 செ.மீ. நீளமும் உள்ள அந்தச் சுருளில் ஒரு புதரைத் தவிரப் பின்னணி என்று ஏதுமில்லை. நடுவில் நிற்கும் எருது நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. உடல் முகத்துக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. ஓவியர் சில தடித்த கோடுகளில் முடித்துவிட்ட அந்த முதுகு எவ்வளவு நீளம், பின்னங்கால் எங்கே ஊன்றுகிறது என்பதைச் சிற்பி தானேதான் முடிவு செய்ய வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மரத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. மரத்தின் இழையோட்டமாகிய ரேகை, செதுக்கும் காலின் நீளப்போக்கில் ஓடாவிட்டால் மெல்லிய கணுக்கால் முறிந்துவிடும். காலுக்கு ஏற்ற ரேகையோ, கிடையாக நீட்டிய வாலைக் காப்பாற்றாது. ஜெஜியாங் மாகாணத்துத் தோங்யாங் சிற்பிகள் புடைப்புச் சிற்பத்தில் பெயர்பெற்றவர்கள். பலகையோடு ஒட்டியிருக்கும் வாலுக்கு அந்த அச்சமில்லை.

வால் என்றதும் கவிஞர் சு ஷி (1037–1101) எழுதிவைத்த நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஹான் ஹுவாங்கின் மாணவர் தாய் சோங். எருது வரைவதில் அவரும் பெரும்புள்ளி. அவர் வரைந்த எருது ஓவியம் ஒன்று சிச்சுவானில் து என்னும் பெருமகனாரிடம் இருந்தது. நூற்றுக்கணக்கான ஓவியங்கள் வைத்திருந்த அவர், இதை மட்டும் பட்டு உறையிலிட்டு, போகுமிடமெல்லாம் எடுத்துச் செல்வார். ஒருநாள் ஓவியங்களை வெயிலில் உலர்த்தியபோது, மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தானாம். “சண்டையிடும் மாடு பலத்தையெல்லாம் கொம்பில் வைத்து, வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும், இதுவோ வாலை ஆட்டிக்கொண்டு சண்டை போடுகிறதே!” என்றான். பெருமகனார் கோபிக்கவில்லை, சிரித்து, அதுவே சரி என்று ஒப்புக்கொண்டார். அந்த ஓவியத்தை நம்பி ஒருவர் மரம் செதுக்கியிருந்தால், முறியும் வாலோடு பிழையும் சேர்ந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்தச் சிறுவனைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? குதிரை ஓவியர் ஹான் கானும், அரண்மனை லாயத்துக் குதிரைகளே தம் ஆசான்கள் என்று பேரரசரிடமே சொன்னவர்தாம்.

ஆகவேதான் நான் மேடைதோறும் கேட்கிறேன்: பள்ளிகளில் ஓவியத்துக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்கிய பாடவேளைகளைத் தேர்வு நெருங்கியதும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் என்று ஒழியும்? பிள்ளைகளை மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்று பார்த்து வரையச் செய்யுங்கள். வரைந்ததைக் களிமண்ணிலும் மரத்திலும் வடிக்கச் செய்யுங்கள். வண்ணத்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இந்தக் கோரிக்கைக்கான விண்ணப்பம் வாசலருகே மேசையில் உள்ளது. துணைவேந்தர் அவர்கள் முதல் கையொப்பமிட இசைந்திருக்கிறார்கள்.