மலைக்கு உரிய மரம்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில் மரநடுகை என்றால் கையில் கிடைத்த கன்றை நட்டுவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் அது நாம் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக்காகவோ யூக்கலிப்டசாகவோ இருக்கும். இந்த மரங்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. கொழுந்து காயவைக்க விறகும், செடிக்கு நிழலும், காற்றுத் தடுப்பும் வேண்டியிருந்தன. வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்கள் அந்தத் தேவையைத் தீர்த்தன. பின்னாளில் வெறும் புல்மலைகளில் பைன் நட்டார்கள். மலை பச்சையாகிவிட்டது, ஆனால் காடு திரும்பவில்லை.

பைன் சரிவில் ஏறிப்போய்க் கீழே கிடக்கும் ஊசியிலையை ஒதுக்கிப் பாருங்கள். மெத்தைபோல் கிடக்கும் அந்தச் சருகில் பிசின் மணக்கும். ஒரு பொறி விழுந்தால் சரிவே பற்றிக்கொள்ளும். ஆனால் மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் விழும் இடத்தில் வட்டக்கண்ணிக் கன்று ஒன்று தலை நீட்டியிருக்கக் காணலாம். பறவை எச்சத்தில் வந்த விதை. அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

பைனை எல்லாம் ஒரேயடியாக வெட்டித் தள்ளச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொட்டையடித்த சரிவில் முதல் மழைக்கே மேல்மண் போய்விடும். சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்துப் பைன் காட்டில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள்; முடிவுகள் 1997இல் வெளியாயின. பைன் வரிசைகள் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பட்டைகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டபோது அவை நன்றாக வளர்ந்தன. இளங்கன்றுக்குப் பைனே நிழல் கொடுத்தது. அது தாழ்நிலக் காடு. நம் உயரத்துக்கு மரங்கள் வேறு, ஆனால் முறை நமக்கும் உதவும்.

எந்தச் சரிவுக்கு எந்த மரம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஊவாப் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மானாப்புல் காய்ந்து தீப்பிடிக்கும். அங்கே பழைய காலத்திலிருந்து நிற்பவை நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை. பட்டை தடித்த மரங்கள். தீ போன பிறகும் துளிர்க்கும். காயும் வருமானம் தரும். நுவரெலியா உயரத்தின் குளிரும் பனிமூட்டமும் வேறு. அங்கே கீன மரமும், நாவல் இனத்து மலைமரங்களும், அவற்றின் அடியில் குறிஞ்சியும் வளரும். இரண்டு இடத்துக்கும் ஒரே லொறியில் ஒரே கன்றை ஏற்றி அனுப்பினால் பாதி செத்துப்போகும். மீதி வளர்ந்தும் பயனில்லை.

விவசாயத்தோடு இதைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, கித்துள் பனை, கமுகு, மிளகு எல்லாம் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இயற்கைக் காட்டின் அடுக்குகளை அப்படியே பின்பற்றி, அதற்குள் பயன்தரும் பயிர்களையும் வைக்கும் முறையை 1980களில் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க பண்டாரவளைப் பக்கத்தில் வளர்த்தெடுத்தார். இன்று வேறு பல நாடுகளிலும் அதைக் கைக்கொள்கிறார்கள். நம் மண்ணில் பிறந்த முறை நம் தோட்டங்களில் இன்னும் பரவாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

தொடங்க வேண்டிய இடம், நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே இருக்கும் ஊற்றுக்கண். அதைச் சுற்றி முதலில் அத்தியும் நாவலும் வையுங்கள். நாவல் விதையைக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டாம், உயிர் போய்விடும். பழம் தின்ற கையோடு சதையைக் கழுவி, பையில் மண்ணிட்டு ஊன்றுங்கள். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகூட வரும். வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நெல்லிக்கொட்டை நேர்மாறு: வெயிலில் காய்ந்து வெடித்தால்தான் விதை வெளிவரும். ஊவாப் பக்கம் ஐப்பசி மழையிலும், ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசிக் கடைசியில் பிடிக்கும் மழையிலும் கன்றுகளை இறக்குங்கள். முதல் இரண்டு வருடம் மானாப்புல்லை வெட்டிக் கன்றைச் சுற்றி மூடாக்காகப் போடுங்கள். கோடை வருமுன் அதைக் கன்றிலிருந்து தள்ளி இழுத்துவிட்டு, தீ தாண்டாதபடி சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆழத்திலிருந்து பெயரும் மண்சரிவை எந்த மரமும் நிறுத்தாது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. அபாய வலயம் என்று சொல்லப்பட்ட இடத்தில் மரம் நட்டுவிட்டோம் என்று தங்கியிருக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், காணி. நாற்பது வருடம் வளரும் மரத்தை, தன் பெயரில் ஒரு பேர்ச் நிலம்கூட இல்லாத தொழிலாளி எந்த நம்பிக்கையில் நடுவார்? தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான்: தேயிலை சரியாக வராத ஓடைக்கரைகளையும் ஊற்றுக்கண் துண்டுகளையும் அந்தந்த லயத்து மக்களிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். நெல்லியும் கித்துள் பாணியும் நட்டவருக்கே என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.