பக்கவாதமும் அக்குபஞ்சர் ஊசியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மண்டபத்திலிருந்து தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி அளித்து வருபவன் நான். நோயாளியின் வீட்டார் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், அக்குபஞ்சர் பார்க்கலாமா? ஊசி குத்தினால் கை கால் வந்துவிடும் என்கிறார்களே" என்பதே அது. பார்க்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் மாத்திரையையும் பயிற்சியையும் விடாமல், அவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அப்படிச் சொல்வதற்கான காரணங்களை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஊசிக்கு இடமே இல்லாத ஒரு நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது, தூக்கிய கை தானாக இறங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அந்த நொடியே 108-ஐ அழையுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன்பாக சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் ஒவ்வொரு நிமிடமும் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நம் கரையில் தூரமே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் எண்ணெய் தேய்க்கவும், ஊசி குத்துபவரைத் தேடவும் ஒரு நிமிடம்கூடச் செலவிடக் கூடாது. வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கொடுக்கவும் கூடாது.

ஆபத்துக் கட்டம் கடந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்குபஞ்சரைப் பற்றிப் பேச வேண்டும். சீன மருத்துவ மரபில் வந்த முறை இது. கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட ஊசிகளை முழங்காலுக்குக் கீழே, முழங்கையின் மடிப்பில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் எனக் குறித்த இடங்களில் செருகி, இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவைப்பார்கள். சிலர் ஊசிகளுக்கு இடையே மெல்லிய மின்தூண்டல் கொடுப்பார்கள். பக்கவாதத்துக்கென்று தலைத்தோலில் குத்தும் முறையொன்றைச் சீன மருத்துவர்கள் 1970-களில் உருவாக்கினார்கள். நம் நாட்டில் மத்திய அரசு 2019-இல் அக்குபஞ்சரைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது. உடலில் ஓடும் உயிராற்றலின் தடை நீங்குகிறது என்று மரபு விளக்குகிறது. ஊசி பட்ட நரம்பின் தூண்டல் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செல்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பக்கவாத மறுவாழ்வில் அக்குபஞ்சர் குறித்த 31 சோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 2,257 நோயாளிகளின் விவரங்களோடு 2016-இல் ஆராய்ந்தது. பிறரைச் சார்ந்திருக்கும் நிலையும் நரம்புக் குறைபாடும் ஓரளவு குறையலாம் என்றும், பெரிய தீங்கு எதுவும் தென்படவில்லை என்றும், ஆயினும் சோதனைகளின் தரம் தாழ்வாக இருப்பதால் எல்லோருக்கும் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றும் அது முடிவு சொன்னது. அமெரிக்க இதயச் சங்கமும் அதன் பக்கவாதச் சங்கமும் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், கையின் செயல்பாட்டுக்கும் அன்றாட வேலைகளுக்கும் அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கவில்லை; விழுங்கும் சிரமத்துக்கு மட்டும் துணைச் சிகிச்சையாகக் கருதலாம் என்றது.

இந்தத் தரக்குறைவு எதனால் வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் ஊர் அனுபவமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களில், சிலருக்கு ஆறு மாதங்கள் வரையிலும், மூளை தானாகவே ஓரளவு மீண்டு வருகிறது. பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது; அழியாமல் எஞ்சிய நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. அந்த மாதங்களில் எந்த வைத்தியத்தைச் செய்தாலும், வந்த முன்னேற்றத்துக்கு அதற்கே பெயர் போய்ச் சேரும். புறா ரத்தத்தைப் பூசியவருக்கும் கால் கொஞ்சம் அசையும், பூசாதவருக்கும் அசையும். ஊசி குத்திக்கொண்டவரைக் குத்திக்கொள்ளாதவரோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஊசியோ, குத்திக்கொண்டவருக்குத் தெரியாமல் குத்த முடியாதது; அதனால் பலன் ஊசியால் வந்ததா, அதன் மேலுள்ள நம்பிக்கையால் வந்ததா என்று பிரிப்பது கடினம். ஆகவே "பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து ஊசியில் கை வந்துவிட்டது" என்ற பேச்சைக் கேட்கும்போது, அது எந்த மாதத்தில் நடந்தது என்று ஒரு முறை கேளுங்கள்.

இயல்பாக மீளும் அந்த மாதங்களைப் பயிற்சியால் நிரப்புவதே என் கவலையெல்லாம். விசைப்படகில் தொழில் பார்த்த ஒருவருக்கு வலது கை விழுந்துவிட்டது. வாரம் இரு முறை ராமநாதபுரம் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார். வந்ததும் மகள் பாய் விரித்து, "ஊசி போட்டாச்சுல்ல, பேசாமப் படுங்கப்பா" என்பாள், பாசத்தால் சொன்னதுதான். ஆனால் ஊசி போட்ட அன்று அவருடைய விரல்களின் இறுக்கம் சிறிது நேரம் தளர்ந்திருப்பதை நான் கவனித்தேன். அந்த நேரத்தைப் படுக்கையில் கழிக்காமல் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று வீட்டாரிடம் சொன்னேன். கிழிந்த வலையை மடியில் போட்டு, கண்ணியை வலது கையால் பிடித்து நிறுத்தி, முடிச்சை இடது கையால் போடச் செய்தோம். தொடக்கத்தில் கண்ணி நழுவி நழுவிப் போனது. ஒரு முடிச்சு விழுவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிடும். பிறகு பெருவிரல் கண்ணியை இறுக்கிப் பிடித்தது. பிறகு மெல்ல, வலை பின்னும் ஊசிக்கட்டையையும் வலது கைக்கு மாற்றினார். கை மீண்டது ஊசியாலா பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஊசி போட்டுவிட்டுப் படுத்தே இருந்திருந்தால் அந்தப் பெருவிரல் கண்ணியைப் பிடித்திருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பெண்களுக்கு ஓலைப்பெட்டி முடைவதும், மீனைத் தரம் பிரிப்பதும், கருவாட்டைப் புரட்டிப் போடுவதும் இதே போன்ற பயிற்சிகள்தாம். கை பழகிய வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை அதை மறுபடி கற்றுக்கொள்கிறது.

இங்கே ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். நோயாளியை எழுப்பும்போது தொங்கும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். வலுவிழந்த தோள் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். அந்த வலிக்காகத்தான் பலர் அக்குபஞ்சருக்கே போகிறார்கள்.

இனி நான் அஞ்சும் விஷயம். "மருந்தே வேண்டாம், மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் அக்குபஞ்சர் நிலையங்கள் இருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரையையும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும், சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தியவருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது; முதல் முறையைவிட இரண்டாம் முறை உயிருக்கு ஆபத்து அதிகம். அழுத்தம் ஏறியிருப்பதை உடல் காட்டிக்கொடுப்பதில்லை, கருவியில் பார்த்தால்தான் தெரியும். கருவாடும் உப்புக்கண்டமும் அன்றாட உணவாக உள்ள நம் பகுதியில் இதை நான் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்பவரின் ஊசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். மாத்திரையில் மாற்றம் வேண்டுமென்றால் அதைக் கொடுத்த மருத்துவரே செய்யட்டும்.

ஊசி போட்டுக்கொள்வதாக முடிவு செய்தால், உறை பிரிக்காத புதிய ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் போகலாம். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவருக்கு மின்தூண்டல் கூடாது. மார்பிலும் முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் துளைத்துவிடும் ஆபத்து, அரிதாயினும் உண்டு. மரத்துப்போன கை காலில் மூலிகைத் தணலோ சூடான ஒத்தடமோ வைக்க விடாதீர்கள். சுடுவது தெரியாமல் கொப்புளம் கண்டு, சர்க்கரை உள்ளவருக்கு அது ஆறாத புண்ணாகிவிடும்.

விழுங்கும் சிரமத்தைப் பற்றிச் சொன்னேன். ஊசியை நம்பி அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. கஞ்சியோ தண்ணீரோ குடிக்கும்போது இருமினாலும், குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரத்தாலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்று பொருள், அதனால் நிமோனியா வரலாம். படுக்க வைத்து ஊட்டாமல், நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் கொடுத்து, ஒரு வாய் இறங்கிய பின்னரே அடுத்த வாயைக் கொடுங்கள். இருமல் நிற்கவில்லை என்றால் வாய்வழி ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போக்குவரத்துச் செலவை நினைத்துப் பயிற்சியை விட்டுவிடுபவர்கள் நம் கரையில் ஏராளம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. படுத்த நிலையில் உள்ளவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். பக்கவாதம் வந்து ஓராண்டு கடந்தவரானாலும் பதிவு செய்யலாம். அவர்களுக்கும் பயிற்சியால் முன்னேற்றம் வருகிறது, மெதுவாக வருகிறது. நன்றி, வணக்கம்.