மண்வெட்டியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலத்தில் தோட்டத்தைக் காப்பது எப்படி என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் இதற்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடைப்பது கஷ்டம். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததெல்லாம் செத்தது, திரும்பிக்கூடப் பார்க்காததெல்லாம் பிழைத்தது. அது ஏன் என்று அப்புறம் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வாரம் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய ஆறு நாள் ஆஸ்டினில் வெப்பநிலை உறைநிலையைத் தாண்டவே இல்லை. உறைநிலை 32 என்கிற ஃபாரன்ஹீட் கணக்கில் ஒற்றை இலக்கம் வரை இறங்கியது. டாலஸ் விமான நிலையத்தில் 16ஆம் தேதி மைனஸ் 2. 1949க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் வந்ததில்லை. ஹூஸ்டனிலேயே 13. வீட்டில் கரண்ட் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. நாங்கள் நாலு பேரும் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளம் முதற்கொண்டு போர்த்திக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் என் மனைவி கேட்ட கேள்வி, "கறிவேப்பிலையை உள்ளே எடுத்துட்டீங்களா?"

எடுத்தேன். தொட்டியோடு தூக்கிக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் வைத்து, மேலே பழைய வேட்டியைச் சுற்றினேன். எட்டு வருஷச் செடி, செத்தது. அதன் பக்கக்கன்று ஒன்றை எப்போதோ பிடுங்கித் தெற்குச் சுவர் ஓரமாக நட்டுவிட்டு மறந்திருந்தோம். மேலே சருகு குவிந்து கிடந்தது. மே மாதக் கடைசியில் அதன் தூரில் சுண்டுவிரல் நீளத்துக்கு மூன்று கொழுந்து நின்றது. கிள்ளி முகர்ந்த பிறகுதான் நம்பினேன்.

காரணம் எளியது. தொட்டி மண்ணைச் சுற்றி நாலு பக்கமும் குளிர்ந்த காற்று. கொட்டகைக்குள்ளும் ஹீட்டர் இல்லாததால் இரண்டு நாளில் வேர் உறைந்துவிட்டது. தரையில் இருக்கிற வேருக்குக் கீழே இருந்து பூமியின் சூடு வந்துகொண்டே இருக்கிறது. காற்று எவ்வளவு குளிர்ந்தாலும், இங்கே ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அந்தக் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். அதோடு அந்த முறை அரை அடிப் பனி வேறு கொட்டியது. விழுந்த பனியில் பாதிக்கு மேல் காற்றுதான், பஞ்சு மெத்தை மாதிரி. அதை விலக்கிப் பார்த்தால் அடியில் கொத்தமல்லி பச்சையாகப் படுத்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ரோஸ்மேரி புதர் பழுப்பாகிவிட்டது. கொத்தமல்லியைவிட ரோஸ்மேரி கெட்டிச் செடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

செடிக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போம். குளிர் வந்ததும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உடனே உறைவதில்லை. செல்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீர்தான் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால் உறைபனியில் சாகிற செடி பாதி தாகத்தில்தான் சாகிறது. முன்கூட்டியே குளிர் பழகிய செடி செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. குலாப் ஜாமூன் பாகை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள், கெட்டியாகுமே தவிரக் கல்லாக உறையாது. ஏறக்குறைய அதே கணக்கு. குளிர் பட்ட பாலக்கீரை இனிப்பதும் இதனால்தான். ஆனால் இப்படிப் பழகச் சில வாரம் ஆகும். ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்ததைப் பார்த்து நான் செம்பருத்திக்குத் தழைச்சத்து உரம் போட்டேன். அதுவும் நம்பி இளந்தளிர் விட்டது. அப்புறம் என்ன ஆயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முருங்கை. இதைச் சொல்ல எனக்கே வெட்கம். மார்ச் மாதம் தண்டெல்லாம் கொழகொழவென்று அழுகித் தொங்கியது. பட்டுப்போச்சு என்று தோண்டினேன். இரண்டடி ஆழத்தில் கை பருமனில் கிழங்கு மாதிரி வேர். மண்வெட்டி பட்ட இடத்தில் வெள்ளை வெளேரென்று, ஈரமாக, கடுகு அரைத்த மாதிரி சுள்ளென்று நெடி. உயிரோடு இருந்த மரம். பனி அதை விட்டுவைத்தது, நான் விடவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு முதுகுவலி, அதனால் தோண்டவில்லை. ஜூனில் அவர்கள் மரம் முழங்கால் உயரம், அக்டோபரில் கூரையைத் தொட்டது. வாழையும் அப்படித்தான்: மேலே இருப்பது இலைக்கட்டு, உயிர் கிழங்கில் இருக்கிறது. மல்லிகை, அத்தி எல்லாம் தூரிலிருந்து வரும். எனவே நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அதற்கு மேல்தான் வெட்ட வேண்டும். பச்சை தெரியாவிட்டாலும் ஜூன் வரை விட்டுவையுங்கள்.

இடையில் ஒன்று. 2023இல் எந்த ஊரில் எவ்வளவு குளிரும் என்று எண் போட்டுக் காட்டும் புதிய குளிர் மண்டல வரைபடத்தை அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டது. ஆஸ்டின் 8பி என்பதிலிருந்து 9ஏ ஆனது, அதாவது ஊர் கொஞ்சம் சூடாகிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு மாங்கன்று வாங்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அந்தக் கணக்கு 1991 முதல் 2020 வரைக்குமானது, 2021 அதில் இல்லை. இருந்திருந்தாலும் அது ஒவ்வொரு வருஷத்தின் மிகக் குளிர்ந்த ராத்திரிகளின் சராசரிதான். செடியைக் கொல்வது ஒரே ஒரு ராத்திரி.

கடைசியாக என் எலுமிச்சை. ஏப்ரலிலேயே தூரிலிருந்து அம்பு மாதிரி கிளம்பியது. வீட்டில் கொண்டாட்டம், பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை. இலை மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கிறதே, முள் விரல் நீளம் இருக்கிறதே என்று என் மகள்தான் கேட்டாள். மேலே ஒட்டியிருந்த எலுமிச்சை எப்போதோ செத்துவிட்டது. வந்தது அடியில் இருந்த வேர்ச்செடி, மூவிலை நாரத்தை. கடுங்குளிரையே தாங்குகிற ஜாதி என்பதாலும் நர்சரியில் அதன்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். பழம் முழுக்க விதை, வாயில் வைத்தால் கசப்பும் புளிப்பும். போன வருஷம் என் மனைவி உப்பில் ஊறப்போட்டுப் பார்த்தாள், ஊறவே இல்லை. இன்னும் வேலியோரம் காய்த்துக் குலுங்குகிறது. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். பையோடு, தடிமனான கையுறையும் கொண்டு வாருங்கள்.